பெரிய டெலஸ்கோப்பை வீட்டில் வைத்துக் காப்பது: கொங்குப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

என்னிடம் இருப்பது 12 இன்ச் டாப்சோனியன், அதாவது குழாயின் அடியில் 12 இன்ச் அகலக் கண்ணாடி வைத்த, பலகைப் பீடத்தில் கையால் தள்ளித் திருப்புகிற டெலஸ்கோப். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. வாங்கிய புதிதில் தூசி படிந்துவிடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் அதைக் கெடுத்தது தூசி இல்லை, நான்தான்.

ஒரு ஐப்பசி மாதம் சிவகிரிப் பக்கம் மாமனார் தோட்டத்தில் விடிய விடியப் பார்த்தோம். விடியும்போது குழாய் முழுக்கப் பனி. தூக்கம் கண்ணைக் கட்டியது. ஈரத்தோடேயே மூடியைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறையை மாட்டி, கோவைக்கு ஏற்றி வந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டேன். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை தீபம் கழித்துத் திறந்தால், நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த மாதிரி ஒரு வாடை. பெரிய கண்ணாடியின் ஓரத்தில் நகத்தளவு சாம்பல் திட்டுகள் நாலைந்து. கண் வைத்துப் பார்க்கிற லென்ஸான ஐபீஸ் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி நூலை உதறிவிட்டது போலப் பூஞ்சை.

தோட்டத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது பக்கத்துக் காட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங் மாப்பள, காயாத மஞ்சள ஆராச்சும் மூட்டை கட்டுவாங்களா?"

மஞ்சளை வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் களத்தில் காயப்போட்டு, முறித்தால் 'டக்' என்று சத்தம் வருகிற பதம் பார்த்துத்தான் அந்தப் பக்கம் மூட்டை கட்டுவார்கள். இது விவசாயியின் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. காய்ந்த பிறகு மூடு. இந்த வழிகாட்டியில் வருகிற பாதி விஷயம் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

8 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள, கண்ணாடி வைத்த டெலஸ்கோப்புகளுக்கு, முக்கியமாக டாப்சோனியன்களுக்கு இது பொருந்தும். புத்தகத் தமிழில் இந்தக் கண்ணாடியை 'ஆடி' என்பார்கள். ஆடி மாதத்தைப் பற்றியும் நிறையப் பேச வேண்டியிருப்பதால் நான் கண்ணாடி என்றே எழுதுகிறேன்.

வாங்கும் முன்பே வாசல்படியை அளந்து பாருங்கள்

12 இன்ச் குழாய் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், 20 கிலோவுக்கு மேல் எடை. பீடமும் ஏறக்குறைய அதே கனம். இரண்டையும் தனித்தனியாகத் தூக்கலாம், ஆனால் படியேறித் தூக்குவது வேறு கதை. மொட்டை மாடியில் பார்ப்பேன், கீழே வைப்பேன் என்று கணக்குப் போடுகிறவர்கள் மூன்றாவது மாதமே பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். வைக்கும் இடத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுபோக முடிகிற மாதிரி இடம் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

பீடத்தின் அகலத்தை வாசல்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஓட்டு வீட்டு நிலைகள் குறுகல், வாசல்படியும் உயரம். எங்கள் வீட்டில் சக்கர வண்டி ஒன்று செய்துதான் பிரச்சினை தீர்ந்தது: இரும்புச் சட்டம், காற்றடிக்கும் பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் பிடி. கோவையில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் வெளியூர்க் கடைகளைத் தேடினால் சிரிப்பார்கள். எந்த லேத் பட்டறையிலும் படம் போட்டுக் காட்டினால் செய்து தருவார்கள். நாற்காலியில் வருகிற சின்ன பிளாஸ்டிக் சக்கரம் மட்டும் வேண்டாம். வாசல் கல்லில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணாடி தன் இடத்தை விட்டு நகரும்.

எந்த இடத்தில் வைப்பது

இரண்டு வாரம் பொறுத்து முடிவு செய்யுங்கள். சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. மனதில் இருக்கும் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, காலை, மத்தியானம், இரவு என்று எழுதி வாருங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்கிற இடம் ஆகாது.

மொட்டை மாடி ஷீட் அறை ராத்திரிக்கு வசதிதான். ஆனால் சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பு. மத்தியானம் முழுக்க வெந்த கனத்த கண்ணாடி, இரவு எட்டு மணிக்கு வெளியே வைத்தாலும் ஆற இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை வியாழனைப் பார்த்தால் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு போலத்தான் தெரியும். ஷீட்டுக்கு அடியில் தென்னங்கீற்று வேய்ந்து, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு ஜன்னல் விட்டால் ஓரளவு தாங்கலாம்.

மாடிப்படிக்கு அடியில் என்னைப் போல வைக்க வேண்டாம். அங்கே காற்று அசையாது. சமையலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். தாளிப்புப் புகையின் எண்ணெய் கண்ணாடியில் படிந்தால் தூசி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது. குளியலறைச் சுவர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது தரைத்தளத்தில் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த அறை. மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி நள்ளிரவு வரை வைத்திருக்கும். தரையில் நேரடியாக வைக்காமல் நாலு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, அதன்மேல் நிறுத்துங்கள்.

தொழிலைப் பொறுத்தும் ஊர் மாறும். திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசி. பொள்ளாச்சித் தோப்புகளில் ஈரமும் கயிறு ஆலைகளின் நார்த் தூசியும். காங்கேயத்தில் அரிசி ஆலை உமிச் சாம்பல். இதெல்லாம் தொல்லைதான், தாங்கிக்கொள்ளலாம். கோழிப்பண்ணை பக்கத்தில் இருந்தால் மட்டும் கவனம். அங்கிருந்து வரும் அமோனியா அலுமினியப் பூச்சுக்கு ஆகாது. தறி ஓடுகிற சுவரை ஒட்டி வைத்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகுகள் மெல்ல மெல்லத் தளரும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது டெலஸ்கோப்பை அந்த வீட்டை விட்டே வெளியே கொண்டுபோய்விடுங்கள். சுண்ணாம்பு காரம், காரம் அலுமினியத்தை அரிக்கும். புதிதாக சிமென்ட் பூசிய அறையும் அப்படித்தான். சுவர் நன்றாகக் காய்ந்து, தரையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்த பிறகு திரும்பக் கொண்டுவரலாம்.

வெயில் படவே கூடாது

இது பராமரிப்பு இல்லை, பாதுகாப்பு. 12 இன்ச் கண்ணாடியின் பரப்பு 0.07 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேர் வெயில் அதில் விழுந்தால் 60, 70 வாட் வெப்பம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டத்தில் குவியும். அது ஜன்னல் திரையில் விழுந்தால் திரை பற்றும். குழந்தையின் கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பகலில் மூடி இல்லாமல் டெலஸ்கோப் ஒரு நிமிடம்கூட ஜன்னலோரம், போர்ட்டிகோவில் நிற்கக் கூடாது. காயவைப்பதும் நிழலில்தான்.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா

நிறுத்தினால் இடம் மிச்சம், ஆனால் உள்ளே விழுகிற தூசி எல்லாம் பெரிய கண்ணாடி மேல் போய்ப் படியும். படுக்கவைத்தால் தூசி குழாயின் சுவரில் தங்கும். அறை பெரிதாக இருந்தால் பீடத்திலேயே குழாயைக் கிடைமட்டமாக வைத்துவிடுங்கள், வாய்ப்பக்கம் சுவரைப் பார்த்து. இடம் இல்லையென்றால் நிறுத்துங்கள், மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். கண்ணாடி திரவம், நாளானால் வழிந்து வளையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் ஆயுளில் அப்படி ஒன்றும் வழியாது.

போர்த்துவதற்குச் சென்னிமலைப் பெட்ஷீட் மாதிரி நல்ல பருத்தித் துணி போதும். புதுத் துணியை இரண்டு மூன்று முறை துவைத்து, உதிர்கிற பஞ்சு போன பிறகு பயன்படுத்துங்கள். கூரை ஒழுகும் என்ற பயம் இருந்தால் அதற்கு மேல் பிளாஸ்டிக் போடலாம், ஆனால் அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். முழுக்கச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக்குக்குள் என்ன நடக்கும் என்பதற்கு என் ஐபீஸ் சாட்சி.

பார்த்து முடித்த இரவில் செய்ய வேண்டியது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். இதை ஒழுங்காகச் செய்தால் மற்றவற்றில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பாதகமில்லை.

மார்கழி, தை மாதங்களில் நடுராத்திரிக்கு மேல் வெளியே 18, 19 டிகிரி, வீட்டுக்குள் 25. குளிர்ந்த கண்ணாடியை மூடாமல் உள்ளே கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு போல வேர்த்துவிடும். அதனால் வெளியே இருக்கும்போதே மூடியைப் போடுங்கள். குழாயின் வெளிப்பக்கப் பனியைப் பழைய பனியன் துணியால் துடையுங்கள், வெளிப்பக்கம் மட்டும். பிறகு உள்ளே கொண்டுவந்து, மூடியோடேயே இரண்டு மணி நேரம் விடுங்கள். உலோகப் பகுதியைத் தொட்டுப் பார்த்தால் அறையின் சூட்டுக்கு வந்திருக்கும்.

அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். குழாயைக் கிடைமட்டமாக வைத்து, ஐபீஸ் மாட்டும் வாயையும் திறந்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடி, அறையின் சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் சின்ன ஃபேன் இருந்தால் அதையும் போடுங்கள். அன்று பகல் முழுக்க இப்படியே இருக்கட்டும். சாயங்காலம் டார்ச் அடித்து, கண்ணாடியில் மங்கலோ திவலையோ இல்லை என்று உறுதியான பிறகு மூடலாம். நடுராத்திரி மூன்று மணிக்கு வந்தவனுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை ஏது என்பீர்கள். வேண்டாம். மூடியோடு வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் காபி குடிக்கும் முன் திறந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஐபீஸ்களும் அதே போலத்தான். ஸ்பாஞ்ச் வெட்டி வைத்த பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்தால் ஸ்பாஞ்ச் அந்த ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூடியைக் கழற்றி, கவிழ்க்காமல் படுக்கவைத்துக் காயவிட்டு எடுத்துவையுங்கள்.

அடைமழைக் காலம்

கோவையில் வருடத்துக்கு 600, 700 மி.மீ. மழைதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அந்த இரண்டு மாதமும் மேகம் விலகாது, டெலஸ்கோப்பும் மூலையில் கிடக்கும். பூஞ்சைக்கு அதுதான் நோம்பி.

குழாய்க்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதைப் பலர் செய்கிறார்கள். மூடி காற்றுப்புகாத மூடி இல்லை, அதனால் அது கதவைத் திறந்துவைத்து ஏசி போடுவது மாதிரிதான். சிலிக்கா ஜெல்லின் இடம் ஐபீஸ் பெட்டி. ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், பக்கத்தில் அந்தச் சின்ன ஈரப்பத மீட்டர். எண் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ரொம்பக் காய்ந்து 30-க்குக் கீழே போனால் ரப்பரும் பசையும் வறண்டுபோகும். ஆரஞ்சு நிற ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும், 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழையபடி ஆரஞ்சு. நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனுக்குள் அது போகக் கூடாது.

பெரிய குழாய்க்கு வேறு வழி. மழை விட்ட மத்தியானங்களில் ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து, பின்பக்க ஃபேனை ஓடவிடுங்கள். காற்று ஓடுகிற இடத்தில் பூஞ்சைக்குப் பிடிமானம் கிடையாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது திறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பட்டுப்புடவை பீரோவில் பாச்சா உருண்டை போடுகிற பழக்கத்தில் எங்கள் அம்மா ஒரு தடவை டெலஸ்கோப் உறைக்குள்ளும் நாலு உருண்டை போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஆவி கண்ணாடியிலும் லென்ஸிலும் படலமாகப் படியும். கற்பூரமும் அதே கதை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும், கொசுவர்த்தி கொளுத்தும்போதும் மூடி போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆடிக் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மற்ற ஊர்க்காரர்கள் பழமொழியாகத்தான் கேட்டிருப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே குடியிருக்கும் நமக்கு அது வருடா வருடம் வீட்டுக்குள் வருகிற விருந்தாளி. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி தொடங்கி ஆவணி முடியும் வரை மேற்கு ஜன்னல் வழியாக மண் வரும். அந்த அறையின் மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள், துணி உறையின் அடிப்பக்கத்தைக் கயிற்றால் கட்டுங்கள். வெளியே எடுத்தால் பீடத்தில் நிற்கும் குழாயைத் தனியாக விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள். அகன்ற குழாய் பாய்மரம் போலக் காற்றை வாங்கிச் சுழலும்.

குளவி, பல்லி, கரையான்

மண்குளவிக்கு ஒன்றே கால் இன்ச் துளை என்றால் அரண்மனை. ஐபீஸ் மாட்டும் வாயை மூடாமல் இரண்டு நாள் விட்டாலே உள்ளே மண் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். வாய்க்கு எப்போதும் மூடி, பின்பக்கக் காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலைத்துணி.

பல்லி எச்சம் கண்ணாடியில் விழுந்தால் தள்ளிப்போட வேண்டாம். அதில் அமிலம் இருக்கிறது, பூச்சில் தழும்பு விழும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சை அதன்மேல் பத்து நிமிடம் வைத்து, ஊறிய பின் தேய்க்காமல் தூக்கி எடுங்கள். கரையானுக்கு மரக்கட்டை உயரமும் மாதம் ஒரு தடவை பீடத்தின் அடியைக் கவிழ்த்துப் பார்ப்பதும் போதும். எலி வந்தால் ஃபேன் வயரைத்தான் முதலில் கடிக்கும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி

தேதி வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது நடக்கிற காரியம் இல்லை. பௌர்ணமியன்று எப்படியும் மங்கலான விண்மீன் கூட்டங்கள் தெரியாது, அதனால் அன்று டெலஸ்கோப்பைச் சோதிக்கும் நாள் என்று வைத்துவிட்டேன். உறையை வெளியே உதறுவது, மீட்டரைப் பார்ப்பது, ஜெல் நிறம் பார்ப்பது, திருகுகளைத் தொட்டுப் பார்ப்பது, குழாய்க்குள் எட்டிப்பார்த்து முகர்வது. ஆம், முகர்வதுதான். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரியும்.

கண்ணாடி கழுவுவது

முதலில் கழுவாமல் இருக்கப் பழகுங்கள். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் உலகத்தில் எந்தக் கண்ணாடியும் குப்பைத்தொட்டி போலத்தான் தெரியும். 12 இன்ச் டெலஸ்கோப்பில் நடுவில் நிற்கிற துணைக் கண்ணாடியே 5 சதவீத வெளிச்சத்தை மறைக்கிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை. கொஞ்சம் தூசிக்கு மட்டும் ஏன் பதற வேண்டும்? அந்த அலுமினியப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு துடைப்பும் அதில் கை வைப்பதே. வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் நான் கழுவுவதில்லை. இரண்டு வருடம் விட்டதும் உண்டு. மாசியில் செய்வேன், காற்றும் இல்லை, மழையும் இல்லை.

கூட ஒருவர் இருக்க வேண்டும். குழாயைக் கிடைமட்டமாக வைத்து, பின்பக்கச் சுற்றுத் திருகுகளைக் கழற்றினால் கண்ணாடி தன் தட்டோடு வெளியே வரும். கழற்றும் முன் தட்டிலும் குழாயிலும் பென்சிலால் ஒரே கோடாகக் குறி போடுங்கள். மோதிரம், வாட்ச், வளையல், சட்டைப் பையில் பேனா எல்லாம் கழற்றிவிட வேண்டும். கிளிப்புகளைத் தளர்த்தி, கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் பழைய டர்க்கி டவலை மடித்துப் போடுங்கள். கண்ணாடியை அதன்மேல் வைக்கும் முன், ரப்பர் பந்து ஊதியால் உலர்ந்த தூசியை ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மணல், துகள் எல்லாம் இதில்தான் போக வேண்டும். இந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்தால் அடுத்த கட்டத்தில் பஞ்சோடு மணலும் சேர்ந்து கோடு போடும்.

அடுத்து தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டே சொட்டு. கண்ணாடி முழுக்க மூழ்கட்டும், கால் மணி நேரம் ஊறட்டும். மருந்துக்கடையில் விற்கும் சுத்தப் பஞ்சை எலுமிச்சை அளவு உருட்டி, தண்ணீருக்கு அடியிலேயே, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. விரலால் அழுத்தவே கூடாது. நனைந்த பஞ்சின் கனம் மட்டுமே போதும். அந்த உருண்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்தது. எனக்கு முதல் தடவை முப்பது உருண்டைக்கு மேல் ஆனது. பக்கத்தில் இருந்த என் மனைவி, "கொழந்தையக்கூட இப்படிக் குளிப்பாட்டலீங்க நீங்க" என்றாள். உண்மைதான்.

மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டமாக நிற்கும், அது பிறகு சுலபத்தில் போகாது. சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் கடைசி அலசலுக்கு வேண்டாம். டவல் மேல், சுவரில் சாய்த்து, கிட்டத்தட்ட நேராக நிறுத்துங்கள். தண்ணீர் தானாக வடியும். ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு துளிகளை டிஷ்யூ பேப்பரின் முனையால் உறிஞ்சிவிடலாம். போகாத கறையை விட்டுவிடுங்கள். என் கண்ணாடியின் பூஞ்சைத் திட்டுகள் பாதிதான் போயின. வானத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் அமோனியா இருக்கும், தொடாதீர்கள். எலுமிச்சை, சாம்பல், விபூதி எதுவும் வேண்டாம். அது பித்தளை விளக்கு இல்லை.

திரும்ப மாட்டும்போது கிளிப்புகளை இறுக்க வேண்டாம். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் கண்ணாடி நெரிபட்டு நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.

கோலிமேஷன்

கழுவினாலும், வண்டியில் ஏற்றி இறக்கினாலும் இரண்டு கண்ணாடிகளையும் நேர்ப்படுத்த வேண்டும். ஐபீஸ் மாட்டும் வாயில் கோலிமேஷன் லேசரைப் போட்டு, முதலில் துணைக் கண்ணாடித் திருகுகளால் சிவப்புப் புள்ளியைப் பெரிய கண்ணாடியின் நடு வளையத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பின்பக்கத் திருகுகளால், திரும்பி வருகிற ஒளியை லேசரின் துளைக்கே திருப்புங்கள். லேசரை அதன் இடத்திலேயே சுழற்றிப் பாருங்கள். புள்ளி வட்டம் போட்டால் கோணல் லேசரில்.

கடைசிச் சோதனை நட்சத்திரத்தில். வெளிநாட்டு வழிகாட்டிகள் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லும், அது நகராது என்பதால். நமக்கு அது அடிவானத்திலிருந்து 11 டிகிரிதான். பெரும்பாலும் தென்னைக்கும் புழுதிக்கும் பின்னால் இருக்கும், தெரிந்தாலும் நடுங்கும். தலைக்கு மேலே நிற்கிற ஒரு நட்சத்திரத்தை எடுத்து, கையால் தள்ளித் தள்ளி நடுவில் வைத்துக்கொண்டு பாருங்கள். குவியத்திலிருந்து லேசாக விலக்கினால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாக இருக்க வேண்டும்.

பீடம்

டாப்சோனியன் என்ற பெயர் ஜான் டாப்சனிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவில் ராமகிருஷ்ணர் வழி வேதாந்த மடத்தில் 1967 வரை சன்னியாசியாக இருந்தவர். கைக்குக் கிடைத்த பழைய கண்ணாடியையும் பலகையையும் வைத்து டெலஸ்கோப் செய்து, தெருவோரத்தில் போகிறவர் வருகிறவருக்குக் காட்டினார். அதனால்தான் இந்தப் பீடத்தில் கம்பி, பல்சக்கரம் எதுவும் இல்லை. பலகை, டெஃப்லான் துண்டு, வழுவழுப்பான தகடு. நம்மூர் ஆசாரிக்கு அரை நாள் வேலை.

கம்பெனியில் வருகிற பீடம் பெரும்பாலும் மரத்தூள் அழுத்திய பலகை. இரண்டு மழைக்காலம் பார்த்தால் அடி விளிம்பு பிஸ்கட் போல ஊதும். முன்கூட்டியே விளிம்புகளுக்கெல்லாம் இரண்டு கோட் பெயின்ட் கொடுத்து அடைத்துவிடுங்கள். ஊதிவிட்டால் 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் அதே அளவுக்குப் புதிதாகச் செய்துகொள்ளலாம். டெஃப்லானுக்கு எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். மண் ஒட்டி அறுக்கும். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டால் போதும்.

பேட்டரிகளைக் கழற்றிவையுங்கள். குறி பார்க்க உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டரை அணைக்க மறக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பூச்சு போனால்

நல்ல பராமரிப்பில் அலுமினியப் பூச்சு பத்து வருடம் வரை உழைக்கும். இருட்டறையில் கண்ணாடிக்குப் பின்னால் பல்பைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். புதிய கண்ணாடியிலேயே லேசான நீல வெளிச்சம் ஊடுருவித் தெரியும், அதற்குப் பதறாதீர்கள். ஊசித் துளைகள் வானம் போலக் கொட்டிக் கிடந்தால்தான் புதுப் பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. பெரிய ஆய்வகங்களே இதைச் செய்கின்றன. காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பின் கண்ணாடிக்கும் வெற்றிடக் கலத்தில் வைத்துத்தான் புதுப் பூச்சு ஏற்றுவார்கள். நாம் வெளியூர்ப் பூச்சுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மரப்பெட்டி செய்து, ஓரங்களை மட்டும் தெர்மோகோலால் பிடித்து, பூச்சுப் பக்கத்தை எதுவும் தொடாமல் அடையுங்கள். முடிந்தால் கையோடு நீங்களே கொண்டுபோங்கள். நான் ஆறாம் வருடம் லாரியில் போட்டு அனுப்பினேன், பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் திரும்பியது. கண்ணாடி தப்பியது பெட்டி செய்த ஆசாரியின் புண்ணியம்.

கண்ணாடி போய்த் திரும்பும் வரை குழாயின் பின்வாயைத் துணி போட்டு இறுக்கக் கட்டிவையுங்கள். நான் கட்டவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துக் கண்ணாடியை மாட்டப் போனபோது உள்ளே மூன்று குளவிக் கூடு.